குளவிக் கூட்டில் எல்லோராலும் முட்டையிட முடியும். ஏன் ஒருத்தி மட்டும் இடுகிறாள்?

#1 புங்கமரத்தடி

நண்பர்களே, ரொம்ப நாளாக மனதில் ஓடுகிற கேள்வி. தேனீ, எறும்பு என்றால் ராணி தனி உருவம். பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் ஜன்னல் மேலேயும் கூரை வாரத்திலேயும் காகிதம் போல மெல்லிசாகக் கூடு கட்டுமே ஒரு செம்பழுப்புக் குளவி, வயிற்றில் ஒரு மஞ்சள் வளையத்தோடு? ரோபலிடியா மார்ஜினாட்டா என்று பெயர். அதில் ராணிக்கும் மற்ற பெண்களுக்கும் உருவத்தில் எந்த வித்தியாசமும் கிடையாது. எந்தப் பெண்ணும் ஆணோடு சேரலாம், முட்டையிடலாம். சில பெண்கள் பிறந்த கூட்டை விட்டுப் போய்த் தனியாகக் கூடு கட்டிப் பிள்ளை வளர்க்கவும் செய்கின்றன.

அப்படியிருந்தும் பெரும்பாலான பெண்கள் கூட்டிலேயே தங்கி, இன்னொருத்தியின் பிள்ளைகளுக்குப் புழு பிடித்துக் கொடுத்தே செத்துப்போகின்றன. தன் வாரிசை விட்டுச் செல்பவைதான் நிலைக்கும் என்றால், வாரிசே இல்லாமல் உழைக்கும் குணம் எப்படித் தலைமுறை தலைமுறையாக வருகிறது? யாராவது பொறுமையாக விளக்க முடியுமா?

#2 வைகைக்கரை

இதில் குழப்பம் எதற்கு? இனம் வாழ வேண்டும் என்பதற்காகத்தான். தேனீ கொட்டியதும் செத்துவிடும் என்று தெரிந்தும் கொட்டுகிறதே, தனக்காகவா? மான் கூட்டத்தில் ஒன்று சத்தம் போட்டால் மற்றவை தப்பிக்கின்றன. ஒவ்வொரு உயிரும் தன் இனத்துக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதால்தான் இனமே நிற்கிறது. எனக்குப் பள்ளியில் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். இன்னும் அது சரி என்றே நம்புகிறேன்.

#3 நெல்லை_விலங்கியல்

வைகைக்கரை ஐயா, இந்த எண்ணம் உங்களுக்கு மட்டுமல்ல, 1960கள் வரை பல விலங்கியலாளர்களுக்கும் இருந்தது. வின்-எட்வர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர் 1962இல் இதையே பெரிய நூலாக எழுதினார். விலங்குகள் உணவு தீர்ந்துவிடாமல் இருக்கத் தங்கள் இனப்பெருக்கத்தைத் தாங்களே குறைத்துக்கொள்கின்றன என்பது அவர் வாதம். 1966இல் அமெரிக்காவின் ஜார்ஜ் வில்லியம்ஸ் அதற்குப் பதில் எழுதினார். கூட்டத்துக்காக விட்டுக்கொடுக்கும் ஒன்றும், அதன் பயனை மட்டும் வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுக்காத இன்னொன்றும் ஒரே கூட்டத்தில் இருந்தால், அடுத்த தலைமுறையில் யாருடைய பிள்ளைகள் அதிகம்? இரண்டாவதின் பிள்ளைகள்தான். சில தலைமுறையில் விட்டுக்கொடுக்கும் குணமே அழிந்துபோகும். இனத்தின் நன்மை என்ற வாதம் இந்த இடத்தில்தான் உடைகிறது.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. சாம்பல் நிற அனுமன் மந்தி. 1960களில் ஜப்பானிய ஆய்வாளர் யுகிமாரு சுகியாமா கர்நாடகத்தின் தார்வாட் காட்டில் ஒரு காட்சியைப் பதிவு செய்தார். வெளியிலிருந்து வந்த ஆண் மந்தி கூட்டத்தின் பழைய ஆணைத் துரத்திவிட்டு, பால்குடிக் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கடித்துக் கொல்கிறது. அப்போது பலரும் 'நெரிசலால் வந்த கோளாறு' என்று ஒதுக்கிவிட்டார்கள். 1970களில் அமெரிக்க ஆய்வாளர் சாரா ஹெர்டி ராஜஸ்தானின் அபு மலையில் பல கூட்டங்களைப் பின்தொடர்ந்து பார்த்துவிட்டு, இது கோளாறு அல்ல என்றார். குட்டிக்குப் பால் கொடுக்கும்வரை தாய் அடுத்து கருத்தரிக்காது. குட்டி செத்தால் சீக்கிரம் கருத்தரிக்கும். புதிய ஆணின் பதவி சில ஆண்டுகளில் பறிபோகக்கூடியது. அதற்குள் அவனுக்குப் பிள்ளை வேண்டும்.

பெரும் சர்ச்சை ஆனது. 1999இல் நேபாளத்தின் ராம்நகரில் டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தார்கள். குட்டியைத் தாக்கிய ஆண்கள் அந்தக் குட்டிகளின் தகப்பன்கள் அல்ல. இனத்தின் நன்மைக்காக நடப்பதானால், ஆரோக்கியமான குட்டிகளைக் கொல்வது எந்தக் கணக்கில் சேரும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்துப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. வயதான பெண் மந்திகள்கூட, தாமே குட்டி போடும் வயது கடந்தவை, ஆணுக்கும் குட்டிக்கும் நடுவில் பாய்ந்து சண்டை போட்டதை ஹெர்டி பதிவு செய்திருக்கிறார். கொலையும் தியாகமும் ஒரே கூட்டத்தில், ஒரே நாளில். இரண்டையும் சேர்த்து விளக்கும் கோட்பாடுதான் நமக்கு வேண்டும்.

#4 மலர்விழி_டீச்சர்

மிக நல்ல இழை. பிளஸ் டூ மாணவர்களுக்கு உயிரியல் எடுப்பவள் என்ற முறையில் நானும் கலந்துகொள்கிறேன்.

புங்கமரத்தடி சாரின் கேள்வியை முதலில் கேட்டு வருந்தியவர் டார்வின்தான். 1859 நூலில், மலட்டு வேலைக்காரப் பூச்சிகள் தன் கோட்பாட்டையே கவிழ்த்துவிடுமோ என்று முதலில் அஞ்சியதாக வெளிப்படையாக எழுதுகிறார். பிறகு மாட்டுப் பண்ணையிலிருந்து விடை எடுக்கிறார். கறி நன்றாக இருக்கிறது என்று தெரியும்போது மாடு வெட்டப்பட்டிருக்கும். அதிலிருந்து கன்று எடுக்க முடியாது. ஆனாலும் பண்ணைக்காரர் அதன் குடும்பத்துக்குப் போய் அதே குணத்தைத் திரும்பப் பெறுகிறார். ஒன்று வாரிசில்லாமல் போனாலும் அதன் உறவுகளின் வழியே குணம் தொடரலாம். மரபணு என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில் இந்த அளவுக்கு நெருங்கிவிட்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

பிறகு வந்தவர் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் மரபியலாளர். இரண்டு சகோதரர்களுக்காகவோ எட்டு ஒன்றுவிட்ட சகோதரர்களுக்காகவோ உயிர் கொடுப்பேன் என்று அவர் சொன்னதாக அவருடைய மாணவர் ஜான் மேனார்ட் ஸ்மித் நினைவுகூர்ந்திருக்கிறார். 1957இல் இந்தியாவுக்கே குடிவந்துவிட்ட ஹால்டேன் 1964இல் புவனேஸ்வரில் காலமானார். அதே 1964இல்தான் வில்லியம் ஹாமில்டன் என்ற இளைஞர் இரண்டு பகுதிகளாக வெளியிட்ட கட்டுரையில் இதை முறையான கணக்காக்கினார்.

கணக்கு சிறியது. உதவி செய்கிறவருக்கு ஆகும் இழப்பு ஒரு பக்கம். உதவி பெறுகிறவருக்குக் கிடைக்கும் பயனை இருவருக்குமான மரபணு உறவால், அதாவது ஒரே வழியில் வந்த மரபணுக்களில் எத்தனை பங்கு இருவருக்கும் பொது என்ற எண்ணால், பெருக்கி வருவது மறுபக்கம். இரண்டாவது பெரிதாக இருந்தால் உதவும் குணம் பரவும். இழப்பையும் பயனையும் பிள்ளை எண்ணிக்கையில் அளக்க வேண்டும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் அல்ல. 1977இல் பால் ஷெர்மன் கலிபோர்னியா மலைப்பகுதியில் பெல்டிங் தரை அணில்களைக் கவனித்து எழுதினார். வேட்டை விலங்கு வரும்போது கத்தி எச்சரிப்பவை பெரும்பாலும் பெண்கள். பெண்கள்தான் பிறந்த இடத்திலேயே தங்குகின்றன, சுற்றிலும் தாய், மகள், சகோதரி. ஆண்கள் வெளியேறிவிடுவதால் அவற்றுக்குப் பக்கத்தில் உறவு இல்லை. அவை கத்துவதும் குறைவு.

#5 கணக்குப்புள்ளி

டீச்சர், ஒரு சந்தேகம். தனக்குப் பிறக்கும் மகளோடும் உறவு பாதி, கூடப் பிறந்தவளோடும் பாதி. சமம்தானே? பிறகு எதற்குத் தங்கையை வளர்க்க வேண்டும்? மகளையே வளர்க்கலாமே.

#6 மலர்விழி_டீச்சர்

நமக்குச் சமம். குளவி, தேனீ, எறும்புக்குச் சமம் இல்லை. அவற்றில் கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பிறக்கும், கருவுற்றதிலிருந்து பெண். அதாவது ஆணுக்கு ஒரே ஒரு தொகுதி குரோமோசோம்தான், பெண்ணுக்கு இரண்டு. அவன் தன் மகள்கள் எல்லோருக்கும் தன்னிடம் உள்ள முழுத் தொகுதியையும் அப்படியே கொடுக்கிறான். ஆக ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த சகோதரிகளுக்குத் தகப்பன் வழிப் பாதி முழுக்க ஒன்று. தாய் வழிப் பாதியில் சராசரியாகப் பாதி ஒன்று. கூட்டினால் முக்கால். தன் மகளோடு உறவு அரைதான். மகளைவிடத் தங்கை நெருக்கம்! ஹாமில்டன் இதைச் சுட்டியபோது, பூச்சிகளில் இந்த வகையில் மட்டும் ஏன் இத்தனை சமூகங்கள் என்பதற்கு விடை கிடைத்துவிட்டதாகப் பலர் கருதினார்கள்.

#7 கணக்குப்புள்ளி

ஆனால் தம்பியோடு உறவு கால் பங்குதானே டீச்சர்? தம்பிக்குத் தகப்பனே இல்லை. தங்கை முக்கால், தம்பி கால், சராசரி எடுத்தால் மறுபடி அரை. லாபம் எங்கே?

மேலும் கரையான்? அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இரண்டு தொகுதிதான். அதுவும் ராணி, வேலைக்காரர், படைவீரர் என்று பெரிய சமூகம். ஆப்பிரிக்காவில் நிலத்துக்கடியில் வாழும் முடியில்லாத மோல் எலியும் அப்படியே. ஒரே ஒரு ராணி குட்டி போடும், மற்றவை சுரங்கம் தோண்டும் என்று ஜெனிஃபர் ஜார்விஸ் 1981இல் எழுதினார். அது பாலூட்டி. முக்கால் கணக்கே அங்கே கிடையாது.

#8 நெல்லை_விலங்கியல்

கணக்குப்புள்ளி பிடித்த இடம் மிகச் சரி. 1976இல் டிரிவர்ஸ், ஹேர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைத்தான் பேசினார்கள். வேலைக்காரிகள் தம்பிகளைக் குறைத்துத் தங்கைகளை அதிகம் வளர்த்தால் மட்டுமே முக்கால் கணக்கு லாபம் தரும். இன்று பெரும்பாலானோர் முக்கால் கணக்கைத் தனிச் சாவியாகக் கருதுவதில்லை.

இப்போது #1இல் கேட்ட குளவிக்கு வருகிறேன். உலகிலேயே இந்தக் குளவியை மிக நுணுக்கமாக ஆராய்ந்தது பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ராகவேந்திர கடக்கரின் குழு. 1970களின் இறுதியில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஒரே இனத்தைப் பார்த்திருக்கிறார்கள். பெரிய கருவிகள் இல்லை. ஒவ்வொரு குளவியின் முதுகிலும் வெவ்வேறு நிறத்தில் பெயின்ட் பொட்டு வைத்துவிட்டு, யார் என்ன செய்கிறாள் என்று மணிக்கணக்கில் குறித்துக்கொள்வார்கள். இந்தக் கூடுகளுக்குப் பெரிய எதிரி வெஸ்பா ட்ரோபிகா என்ற பெருங்குளவி, நம் பக்கம் கதண்டு என்போமே அந்த வகை. அதனால் கம்பி வலை அடித்த ஓர் அறையில் கூடுகளை வைத்தார்கள். சின்னக் குளவி வலைக்கண் வழியே வெளியே போய் இரை தேடி வரும். கதண்டால் நுழைய முடியாது.

முதலில் அவர்கள் செய்தது உறவை அளப்பது. ராணி ஒரே ஆணோடு சேர்ந்தால்தான் மகள்களுக்குள் முக்கால். இந்த ராணி பல ஆண்களோடு சேர்கிறாள். மகள்களுக்குள் சராசரி உறவு 0.53 என்று வந்தது. அதோடு முடியவில்லை. இந்தக் கூடுகளில் ராணி அடிக்கடி மாறுகிறாள். மகள் வருகிறாள், தங்கை வருகிறாள், சில சமயம் தங்கை மகளோ ஒன்றுவிட்ட சகோதரியோ வருகிறாள். ஒரு வேலைக்காரி வளர்க்கும் புழு அவளுக்குத் தங்கையாகவும் இருக்கலாம், தூரத்து உறவாகவும் இருக்கலாம். இதையும் சேர்த்துக் கணக்கிட்டபோது வேலைக்காரிக்கும் அவள் வளர்க்கும் புழுக்களுக்கும் உறவு 0.20 முதல் 0.38 வரைதான். தன் சொந்த மகளுக்கு 0.5.

இதில் நெருங்கியவள் யார், தூரத்தவள் யார் என்று பிரித்தறிந்து நெருங்கியவளுக்கு மட்டும் ஊட்டுகிறதா என்றால் அதுவும் இல்லை. வேற்றுக் கூட்டுக் குளவியை வாசனையால் கண்டுபிடிக்கும். கூட்டுக்குள் உறவின் தூரத்தைப் பிரித்தறிவதாகத் தெரியவில்லை.

அப்படியானால் உறவை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தக் குளவி தனியே போய்த் தன் பிள்ளையை வளர்ப்பதுதான் நியாயம். ஆனாலும் தங்குகிறது. ஏன்?

கடக்கர் 1990இல் சொன்ன விடைதான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்தது. ஹாமில்டன் கணக்கில் எல்லோரும் உறவு என்ற ஓர் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இழப்பு, பயன் என்ற மற்ற இரண்டு எண்களில்தான் வாழ்க்கையே இருக்கிறது. இந்தக் குளவியில் முட்டை முழுக்குளவியாக ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். பல பெண்கள் அவ்வளவு நாள் உயிரோடு இருப்பதே இல்லை. தனியாகக் கூடு கட்டியவள் நாற்பதாம் நாள் செத்தால், அத்தனை நாள் ஊட்டியதும் வீண். புழுக்கள் பட்டினியில் சாகும், எறும்பு வந்து தூக்கிப் போகும். அவள் கணக்கு பூஜ்யம். ஆனால் பெரிய கூட்டில் பத்து நாள் மட்டும் உழைத்துவிட்டுச் செத்தவளின் பத்து நாள் உழைப்பு வீண்போகாது. அவள் பாதி வளர்த்த புழுவை இன்னொருத்தி வளர்த்து முடிப்பாள். தனியாள் கட்டுகிற வீடு பாதியில் நின்றால் மழையில் கரையும், பலர் சேர்ந்து கட்டுகிற வீட்டில் நான் வைத்த செங்கல் என்னோடு போவதில்லை. உறுதியான பலன் என்பதுதான் அங்கே கிடைக்கும் லாபம்.

இதோடு இன்னும் இரண்டு காரணம் சேர்கிறது. பிறக்கும் பெண்களைத் தனித்தனியே வைத்து வேண்டிய அளவு உணவு கொடுத்தும் ஏறத்தாழ பாதிப் பேர் முட்டையிடவே இல்லை. அதாவது எல்லோராலும் முட்டையிட முடியும் என்று தலைப்பில் இருந்தாலும் சிலருக்கு அந்த வாய்ப்பு பிறவியிலேயே குறைவு. அவர்களுக்குத் தங்குவதில் இழப்பு சொற்பம். கடைசியாக, தங்கினால் ஒருநாள் தானே ராணியாகும் வாய்ப்பும் உண்டு. எப்போது ராணி மாறினாலும் கூட்டிலிருந்தே ஒருத்தி வருகிறாள்.

#9 ஈரோடு_தேனீப்பெட்டி

நெல்லைத் தம்பி எழுதியதைப் படித்ததும் எங்க பெட்டி விசயம் ஒண்ணு சொல்லணும்னு தோணுச்சுங்க. நான் பதினஞ்சு வருசத்துக்கு மேல நாட்டுத் தேனீ வளர்க்கிறேன். ராணி செத்துப்போய், புது ராணி வளர்க்க இளம் புழுவும் இல்லாத பெட்டியைத் திறந்தா என்ன தெரியும் தெரியுங்களா? கொஞ்ச நாள்ல வேலைக்காரத் தேனீங்க முட்டை போட ஆரம்பிக்கும். ராணி போட்டா ஒரு அறைக்கு ஒரு முட்டை, அறையோட அடியில நடுவுல நட்ட மாதிரி இருக்கும். இதுங்க போட்டா ஒரே அறையில மூணு நாலு முட்டை கிடக்கும், பாதி சுவத்துல ஒட்டியிருக்கும். வயிறு குட்டை, அடி வரைக்கும் எட்டாது. அத்தனையும் ஆண் ஈ தான். சின்ன அறைக்குள்ள ஆண் புழு வளர்றதால மூடி மேடு தட்டிப்போயி, உச்சியில ஊசி குத்தின மாதிரி ஒரு ஓட்டை தெரியும். அதைப் பார்த்துட்டாவே பெட்டி போச்சுன்னு நாங்க முடிவு பண்ணிருவோம்.

என் கேள்வி இதுதாங்க. முட்டை போடத் தெரிஞ்ச ஈக்கள், ராணி இருக்கறப்ப ஏன் போடறதில்ல? அத்தனை நாளா அடங்கிக் கிடந்ததுக்கு ராணி மேல பயமா, பாசமா?

#10 நெல்லை_விலங்கியல்

அண்ணா, இதுக்கு விடை உங்க பெட்டிக்குள்ளேயே இருக்கு. ராணி இருக்கும்போதும் ஒன்றிரண்டு வேலைக்காரிகள் முட்டையிடத்தான் செய்யும். மற்ற வேலைக்காரிகள் அதைத் தேடித் தின்றுவிடும்! மேலைத் தேனீயில், அதாவது ஐரோப்பியத் தேனீயில், ராட்னீக்ஸ், விஸ்சர் என்ற ஆய்வாளர்கள் 1989இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ராணியின் ஆண் முட்டைகளையும் வேலைக்காரி இட்ட ஆண் முட்டைகளையும் ஒரே கூட்டில் வைத்தால், வேலைக்காரி இட்டவை வேகமாகக் காணாமல் போகும்.

கணக்கு இப்படி. தேனீ ராணி பத்துக்கும் மேற்பட்ட ஆண்களோடு சேர்ந்தவள். அதனால் கூட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் தகப்பன் வேறான சகோதரிகள். அப்படிப்பட்ட சகோதரியின் மகனோடு ஒரு வேலைக்காரிக்கு உறவு 0.125. ராணியின் மகன், அதாவது தம்பி, 0.25. எனவே ஒவ்வொருத்திக்கும் தன் சகோதரி முட்டையிடுவதைத் தடுப்பது லாபம். ஒருவரையொருவர் கண்காணிக்கும்போது, இடுகிற முட்டை எப்படியும் பிழைக்காது என்றால், இடாமல் வேலை செய்வதே மேல்.

பயம் பாசம் இரண்டாலும் விளக்க வேண்டியதில்லை. ராணியின் வாசனை, கூட்டில் ராணி இருக்கிறாள் என்ற செய்தியைச் சொல்கிறது. அந்தச் செய்திக்கு ஏற்ப நடப்பது வேலைக்காரிக்கே நல்லது.

#11 நல்லூரான்

அண்ணை, நல்லா விளங்குது. நான் கேக்கிறது வேறை ஒண்டு. உறுதியான பலன் எண்டு சொல்லுறியள். அப்பிடியெண்டால் உறவே இல்லாததுகளும் சேர்ந்து வாழலாம்தானே? உறவு எண்ணைப் பூச்சியமாப் போட்டால் ஹாமில்டன் கணக்குப் படுத்திடுமே. உறவில்லாமல் உதவி செய்யிற விலங்கு ஏதும் இருக்கோ?

#12 நெல்லை_விலங்கியல்

இருக்கு தம்பி. நடு, தென் அமெரிக்காவில் இரத்தம் குடித்து மட்டுமே வாழும் வௌவால். இரண்டு மூன்று இரவு தொடர்ந்து இரை கிடைக்காவிட்டால் செத்துவிடும். இளம் வௌவால்கள் அடிக்கடி வெறும் வயிற்றோடு திரும்பும். மரப்பொந்தில் பசியோடு வந்தது, வயிறு நிறைந்த இன்னொன்றின் வாயை நக்கும். அது தான் குடித்ததில் கொஞ்சம் கக்கி ஊட்டும். ஜெரால்ட் வில்கின்சன் கோஸ்டாரிகாவில் இதைப் பார்த்து 1984இல் எழுதினார். கொடுப்பவை உறவுக்கு மட்டும் கொடுக்கவில்லை, கூடவே தங்கும் பழகிய துணைக்கும் கொடுத்தன.

பிறகு ஜெரால்ட் கார்ட்டர் அவரோடு சேர்ந்து கூண்டில் வைத்துப் பார்த்தார். 2013இல் வெளிவந்த முடிவு: யார் யாருக்கு ஊட்டுவார்கள் என்பதை உறவைவிட, முன்பு அது தனக்கு ஊட்டியதா என்பதே நன்றாகச் சொல்லிவிடுகிறது. 2020இல் இன்னொரு ஆய்வு. முன்பின் அறியாத வௌவால்களை ஒன்றாக விட்டால் முதலில் ஒன்றின் ரோமத்தை ஒன்று நக்கிச் சுத்தம் செய்கின்றன. செலவில்லாத உதவி. அது இருபக்கமும் நடந்து பழகிய பிறகுதான் சில ஜோடிகள் இரத்தம் பகிரும் அளவுக்குப் போகின்றன.

கைமாறு என்ற வழி இது. 1971இல் டிரிவர்ஸ் கோட்பாடாகச் சொன்னது. ஆனால் இது நடக்க, மறுபடி மறுபடி சந்திக்க வேண்டும், முகம் நினைவிருக்க வேண்டும், வாங்கிக்கொண்டு கொடுக்காதவரை ஒதுக்கத் தெரிய வேண்டும். அதனால்தான் விலங்குலகில் இது அரிது. உறவு வழிதான் பெருவழி.

#13 வைகைக்கரை

மந்தி விஷயம் படித்த பிறகு இனத்தின் நன்மை என்று பொதுவாகச் சொல்ல எனக்கும் தயக்கமாக இருக்கிறது. ஆனால் காக்கை? ஒரு பருக்கை கண்டாலும் கத்தி மற்றதைக் கூப்பிட்டுத்தான் சாப்பிடும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கூப்பிடாமல் தின்றால் அதற்கு முழுசும் கிடைக்குமே. அங்கே உறவா, கைமாறா?

#14 மலர்விழி_டீச்சர்

இதே கேள்வியை அமெரிக்காவின் மெய்ன் காட்டில் பெர்ன்ட் ஹைன்ரிக் கேட்டார், காக்கையின் பெரிய உறவான அண்டங்காக்கையை வைத்து. 1980களில் பனிக்காலத்தில் காட்டுக்குள் இறந்த விலங்கின் உடலை இழுத்துப் போட்டுவிட்டு, மறைந்திருந்து பார்த்தார். சில சமயம் இரண்டே அண்டங்காக்கை வந்து சத்தமில்லாமல் தின்றன. சில சமயம் ஒன்று உரக்கக் கத்தியது, பெருங்கூட்டம் வந்து இறங்கியது.

வேறுபாடு எதில் என்றால், சத்தமில்லாமல் தின்றவை அந்த இடத்தைத் தம் எல்லையாக வைத்திருக்கும் ஜோடி. கத்தியவை இடம் இல்லாத இளசுகள். தனியாக ஓர் இளசு போனால் அந்த ஜோடி துரத்தி அடிக்கும். கூட்டமாகப் போனால் ஜோடியால் தடுக்க முடியாது. கூப்பிட்டால் தனக்குப் பங்கு குறையவில்லை, கூப்பிட்டால்தான் பங்கே கிடைக்கிறது. உறவும் தேவையில்லை, கைமாறும் தேவையில்லை. அந்த நேரத்திலேயே இருவருக்கும் லாபம்.

நம் ஊர்க் காக்கையும் இதே காரணத்துக்காகத்தான் கத்துகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கத்திக் கூப்பிடுவதை மட்டும் பார்த்துவிட்டு அதன் காரணத்தைச் சொல்லிவிட முடியாது. கத்துவது யார், எப்போது கத்தாமல் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். என் மாணவர்களிடம் நான் வலியுறுத்துவதும் இதைத்தான்.

#15 கணக்குப்புள்ளி

சரி, ஒரு பெரிய சண்டையைத் தொடாமல் இந்த இழை முழுமையாகாது. 2010இல் நேச்சர் இதழில் நோவாக், டார்னிட்டா, எட்வர்ட் வில்சன் மூவரும் உறவுக் கணக்கே தேவையில்லை என்று எழுதினார்களே? சமூகப் பூச்சிகள் உருவானதற்குக் காவல் காக்கத் தகுந்த கூடு இருந்ததுதான் அடிப்படை, நெருங்கிய உறவு அதன் விளைவுதான் என்றார்கள். வில்சன் எறும்பு ஆய்வின் பெரிய பெயர், ஒருகாலத்தில் ஹாமில்டனை உலகுக்கு எடுத்துச் சொன்னவர். அடுத்த ஆண்டே 137 ஆய்வாளர்கள் கையெழுத்திட்டு மறுப்பு எழுதினார்கள். நெல்லையார் எந்தப் பக்கம்?

#16 நெல்லை_விலங்கியல்

என் நிலையைத் தெளிவாகவே சொல்கிறேன். உறவுக் கணக்கைத் தூக்கி எறிய வேண்டியதில்லை என்ற 137 பேரின் பக்கம்தான். மந்தி, தரை அணில், தேனீக்களின் முட்டைக் கண்காணிப்பு இவற்றையெல்லாம் முன்கூட்டியே சொல்லக்கூடிய வேறு கருவி நம்மிடம் இல்லை. 2008இல் ஹியூஸும் குழுவினரும் 267 இனங்களை ஒப்பிட்டுக் காட்டியதும் முக்கியம். தேனீ, எறும்பு, குளவிகளில் சமூக வாழ்க்கை தோன்றிய ஒவ்வொரு கிளையிலும், அதன் மூதாதைப் பெண் ஒரே ஆணோடு சேர்ந்தவளாக இருந்திருக்கிறாள். பல ஆண்களோடு சேர்வது பிறகு வந்தது. தங்கை, தம்பி சேர்த்துப் பார்த்த சராசரி உறவும் சொந்தப் பிள்ளையோடு உள்ள உறவும் சமமாக இருந்தால், கூட்டால் வரும் மிகச் சிறிய லாபமும் தங்குவதன் பக்கம் தராசைச் சாய்த்துவிடும்.

ஆனால் வில்சன் கூட்டையும் சூழலையும் சுட்டிக்காட்டியதில் உள்ள உண்மையை, மறுப்பின் வேகத்தில் பலர் கவனிக்கவில்லை என்பது என் வருத்தம். அதை உறவுக் கணக்குக்குள் வைத்தே, இருபது ஆண்டு முன்பே, பெங்களூரில் ஒரு குளவியை வைத்துக் காட்டியிருந்தார்கள். உறவு எவ்வளவு என்று அளப்பது ஒப்பீட்டளவில் எளிது. தனியாகப் போனால் என்ன கிடைக்கும், தங்கினால் என்ன கிடைக்கும் என்பதை அளக்க வருடக்கணக்கில் கூட்டின் முன் உட்கார வேண்டும். அந்த உழைப்பு குறைவாக நடந்ததால்தான் சண்டை இவ்வளவு நீண்டது.

#17 புங்கமரத்தடி

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ஒன்று மட்டும் பாக்கி. இந்தக் குளவியில் ராணி மாறும்போது சண்டை நடக்குமா? எல்லோருக்கும் வாய்ப்பு உண்டு என்றால் கூடே ரணகளமாகிவிடாதா? அப்புறம், வீட்டில் கூடு இருந்தால் யார் ராணி என்று கண்டுபிடிக்க முடியுமா?

#18 நெல்லை_விலங்கியல்

சண்டை நடப்பதில்லை. எனக்கு இன்றும் தீராத வியப்பு அதுதான்.

இதன் நெருங்கிய இனமான ரோபலிடியா சையாத்திஃபார்மிஸில் ராணி அடித்து அடக்கும் ரகம். மார்ஜினாட்டா ராணி அதற்கு நேர் எதிர். யாரையும் அதட்டுவதில்லை, யாரோடும் பெரிதாகப் பழகுவதும் இல்லை. வயிற்றின் அடிப்பகுதியைக் கூட்டின் மேல் தேய்த்துக்கொண்டு நடப்பாள். அப்படிப் பூசும் சுரப்பின் வாசனைதான் ராணி இருக்கிறாள் என்ற அறிவிப்பு. அவளை எடுத்துவிட்டால் சில நிமிடங்களில் ஒருத்தி மட்டும் திடீரென்று மூர்க்கமாகிறாள். மற்றவர்களைத் துரத்துகிறாள், கடிக்கிறாள். யாரும் எதிர்க்க மாட்டார்கள். ராணியைத் திரும்ப வைத்தால் உடனே அடங்கிப் பழையபடி வேலைக்குப் போய்விடுவாள். வைக்காவிட்டால் ஒரு வாரம் போல ஆகும் முட்டையிட. மூர்க்கம் மெல்லக் குறைந்து அவளும் சாதுவான ராணியாகிவிடுவாள்.

அடுத்தவள் யார் என்று மற்றவர்களுக்கு முன்பே தெரியுமா? அனிந்திதா பத்ராவும் கடக்கரும் 2008இல் வெளியிட்ட சோதனை இது. கூட்டை இரண்டாக வெட்டி நடுவே கம்பி வலை வைத்தார்கள். ராணி இல்லாத பாதியில் ஒருத்தி மூர்க்கமானாள். பிறகு ராணியை அந்தப் பாதிக்கு மாற்றினார்கள். இப்போது மற்றப் பாதியில் இன்னொருத்தி மூர்க்கமானாள். இந்த இருவரையும் பக்கம் மாற்றிப் பார்த்தபோது, இருவரில் ஒருத்தியை மட்டுமே இரு பாதியும் ஏற்றுக்கொண்டன. மற்றவள் சண்டையில்லாமல் வேலைக்குத் திரும்பினாள். 2012இல் அலோக் பாங்கும் கடக்கரும் ஒருத்தி பின் ஒருத்தியாக எடுத்துக்கொண்டே போய், ஐந்தாவது வாரிசு வரை இதே அமைதியோடு வருவதைக் காட்டினார்கள். வரிசை இருக்கிறது. உடல் அளவோ அடிதடியில் கெட்டித்தனமோ அதைத் தீர்மானிப்பதில்லை. மூத்தவள் முன்னால் வருவது பெரும்பாலும் நடக்கிறது, எப்போதும் அல்ல.

வீட்டில் பார்க்க: பொட்டு வைக்கும் வேலையெல்லாம் வேண்டாம், கொட்டிவிடும். கைக்கெட்டாத தூரத்தில் அசையாமல் உட்காருங்கள், ஒரு தொலைநோக்கி இருந்தால் நல்லது. வெளியே போய் இரையை உருட்டிக் கொண்டுவந்து மற்றவர்களிடம் பிரித்துக் கொடுப்பவள் ராணி அல்ல. கூட்டில் யார் பெரும்பாலும் வெளியே போகவே இல்லை என்று பாருங்கள். அவள் ஏதாவது ஒரு காலி அறைக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, திரும்பி வயிற்றை உள்ளே வைத்துச் சில நிமிடம் அசையாமல் இருந்தால் முட்டையிடுகிறாள். அவள்தான் ராணி.

ஈரோட்டு அண்ணா, உங்கள் பெட்டியில் வேலைக்காரி முட்டையிட ஆரம்பித்ததிலிருந்து கூடு கலையும்வரை என்னென்ன நடக்கிறது என்று தேதி போட்டு எழுதி வைத்திருந்தால் இங்கே பகிருங்கள். நாட்டுத் தேனீயில் அதைப் பார்க்க ஆசை.

#19 ஈரோடு_தேனீப்பெட்டி

நோட்டு இருக்குதுங்க தம்பி. தனி இழையா போடறேன். ராணி போன நாள், மொத முட்டை தெரிஞ்ச நாள், மூடி மேடு தட்டின நாள், எல்லாம் பெட்டி வாரியா இருக்குது.